ஒரு வெள்ளணு தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கீமோகைன் ஏற்பிகள் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இது: "நோய் எதிர்ப்பு மண்டலத்தில் கீமோகைன் ஏற்பிகளின் பங்கு என்ன? பாடப்புத்தகத்தில் சிசிஆர்1, சிசிஆர்2, சிஎக்ஸ்சிஆர்3 என்று ஒரு அட்டவணைதான் இருக்கிறது. ஒன்று பழுதானால் இன்னொன்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்றும் போட்டிருக்கிறார்கள். சிசிஆர்5 இல்லாமலே பிறந்தவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்? அப்படியானால் இவை அவ்வளவு முக்கியமா?"

மிக முக்கியம். அந்த அட்டவணையைப் பார்த்து இதைப் புரிந்துகொள்ள முடியாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நம் உடலில் எத்தனை வெள்ளணுக்கள் இருக்கின்றன என்பது பாதிக் கதைதான். அவை எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கின்றன என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைத் தீர்மானிப்பவை கீமோகைன் ஏற்பிகள். "ஒன்று போனால் இன்னொன்று" என்ற வரி சில ஏற்பிகளுக்குப் பொருந்தும், சிலவற்றுக்குக் கொஞ்சமும் பொருந்தாது. எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று பார்த்தாலே விஷயம் பிடிபட்டுவிடும்.

முதலில் அடிப்படை. கீமோகைன்கள் வெள்ளணுக்களை ஓரிடத்துக்கு அழைக்கும் மிகச் சிறிய புரதங்கள். பெரும்பாலானவை 70 முதல் 100 அமினோ அமிலங்கள் கொண்டவை. மனித உடலில் ஏறத்தாழ 50 வகை உண்டு. புரதத்தின் தொடக்கத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு சிஸ்டீன்கள் ஒட்டியிருந்தால் சிசி, நடுவில் வேறொரு அமினோ அமிலம் இருந்தால் சிஎக்ஸ்சி. பெயரின் கடைசியில் எல் வந்தால் கீமோகைன், ஆர் வந்தால் அதைப் பிடிக்கும் ஏற்பி. மாணவர்கள் வழக்கமாக இடறும் இடம் ஒன்று உண்டு: எண்கள் ஜோடி சேராது. சிசிஎல்5 சிசிஆர்5-ஐப் பிடிக்கிறது, சரி. ஆனால் சிசிஆர்1, சிசிஆர்3 இரண்டையும்கூடப் பிடிக்கிறது. சிசிஆர்7-ஐப் பிடிப்பவை சிசிஎல்19, சிசிஎல்21. எண்ணை வைத்து ஊகித்து எழுதினால் தப்பாகிவிடும்.

ஏற்பிகள் கிட்டத்தட்ட இருபதுதான். எல்லாமே செல்லின் வெளிச்சவ்வை ஏழு முறை குறுக்காகத் துளைத்து நிற்கும் புரதங்கள். நம் மூக்கில் வாசனையை அறியும் ஏற்பிகளும், கண்ணில் ஒளியை வாங்கும் ரோடாப்சினும் இதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. வெளியே கீமோகைன் வந்து ஒட்டியதும், உள்ளே ஜிஐ என்ற வகை ஜி-புரதம் விழித்துக்கொள்கிறது. அது செய்தியை உள்ளே கடத்த, செல்லின் எலும்புக்கூடு போன்ற ஆக்டின் இழைகள் ஒரு பக்கமாகத் திரள்கின்றன. செல் அந்தப் பக்கம் நகரத் தொடங்குகிறது. கீமோகைன் எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அங்கே போகும்.

இதை ஒரு முள் குத்திய பாதத்தில் வைத்துப் பார்க்கலாம். முள்ளோடு பாக்டீரியா உள்ளே போய்விட்டது. அங்கிருக்கும் திசு மேக்ரோஃபேஜ்கள், அதாவது கிருமிகளை விழுங்கும் செல்கள், அதைக் கண்டதும் சிஎக்ஸ்சிஎல்8-ஐச் சுரக்கின்றன. இதன் பழைய பெயர் இன்டர்லூகின் 8. 1987-இல் அடையாளம் காணப்பட்டது. இது பக்கத்து இரத்த நாளத்தின் உள்சுவருக்கு வந்து அங்குள்ள சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொள்வது முக்கியம். இரத்தம் வேகமாக ஓடுகிறது. ஒட்டாமல் கரைந்திருந்தால் நொடியில் அடித்துக்கொண்டு போய்விடும், எங்கிருந்து வந்தது என்ற தகவலே மிஞ்சாது.

இப்போது பாக்டீரியாவை விழுங்கும் வெள்ளணுவான ஒரு நியூட்ரோஃபில் அந்த வழியாக வருகிறது. சுவரில் உள்ள செலக்டின் மூலக்கூறுகள் அதை லேசாகப் பிடித்து இழுக்க, ஓட்டம் குறைந்து சுவரோரமாக உருள்கிறது. உருளும்போது அதன் மேலுள்ள சிஎக்ஸ்சிஆர்1, சிஎக்ஸ்சிஆர்2 ஏற்பிகள் சுவரில் ஒட்டியிருக்கும் சிஎக்ஸ்சிஎல்8-ஐத் தொடுகின்றன. தொட்ட ஓரிரு நொடிக்குள் நியூட்ரோஃபிலின் மேலே மடங்கிக் கிடந்த இன்டெக்ரின் புரதங்கள் நிமிர்ந்து சுவரை இறுகப் பிடிக்கின்றன. அணு அப்படியே நின்றுவிடுகிறது. பிறகு தட்டையாகி, சுவர்ச் செல்களுக்கு இடையில் நுழைந்து, வெளியே வந்து, பாக்டீரியா இருக்கும் பக்கம் நகர்கிறது. செலக்டின் உடல் முழுக்க வீக்கமுள்ள எந்த நாளத்திலும் கிடைக்கும். இன்டெக்ரின் எல்லா வெள்ளணுவிலும் உண்டு. "இங்கே நில், நீ மட்டும் நில்" என்று முடிவு செய்யும் நடுப்படி கீமோகைன் ஏற்பியுடையது. மற்ற வெள்ளணு வகைகளுக்கும் இப்படித்தான்: ஈசினோஃபிலை நிறுத்த சிசிஆர்3, மோனோசைட்டை எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளப்ப சிசிஆர்2, வைரஸ் தாக்கிய திசுவுக்குக் கொல்லும் டி செல்களைக் கூட்டிவர சிஎக்ஸ்சிஆர்3.

இந்த நடுப்படி நின்றுபோனால் என்ன ஆகும்? இதற்கு இயற்கையே ஒரு சோதனை செய்து காட்டியிருக்கிறது: கக்குவான் இருமல். அந்தப் பாக்டீரியா வெளியிடும் பெர்டுசிஸ் நச்சு, மேலே சொன்ன ஜிஐ புரதத்தைக் குறிவைத்து வேதிமாற்றம் செய்து செயலிழக்கச் செய்கிறது. ஏற்பி மேலே இருக்கிறது, கீமோகைன் வந்து ஒட்டுகிறது, உள்ளே செய்தி போவதில்லை. விளைவை நோய் கடுமையானவர்களின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் பார்க்கலாம். கைக்குழந்தைகளின் வெள்ளணு எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறும். ஒரு மைக்ரோலிட்டரில் 50,000-ஐத் தாண்டலாம், மிகக் கடுமையான நோயில் ஒரு லட்சத்தையும் தாண்டுவதுண்டு. ஏறுபவை பெரும்பாலும் லிம்ஃபோசைட்டுகள், அதாவது டி செல், பி செல் போன்ற வெள்ளணுக்கள். புதிதாகப் பெருகியதால் மட்டும் வந்த கூட்டம் இல்லை இது. நிணநீர் முடிச்சுக்குள் நுழைய வேண்டியவை நுழைய முடியாமல் இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. எண்ணிக்கை தாராளம், பயன் இல்லை. அந்தக் கூட்டமே சில குழந்தைகளின் நுரையீரல் நாளங்களை அடைத்து உயிருக்கு ஆபத்தாகிவிடுகிறது. கீமோகைன் ஏற்பி எதற்கு என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த அறிக்கையைத்தான். (தடுப்பூசி இருக்கிறது, குழந்தைக்குச் சரியான நேரத்தில் போட்டுவிடுங்கள்.)

அப்புறம் சிசிஆர்7. என்னைக் கேட்டால், பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு தனி அத்தியாயமே கொடுக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ஒரு குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காணக்கூடிய டி செல்கள் நம் உடலில் மிகக் கொஞ்சம். லட்சத்தில் ஒன்று, சில சமயம் பத்து லட்சத்தில் ஒன்று. கிருமி நுழைவதோ கால் விரலில், தொண்டையில், எங்கோ ஓரிடத்தில். இரண்டும் தற்செயலாகச் சந்திக்க வேண்டுமானால் ஆயுள் போதாது. அதனால் சந்திப்பதற்கென்றே இடங்கள் இருக்கின்றன, நிணநீர் முடிச்சுகள். அந்த முடிச்சுக்குள் இருக்கும் சிறப்பு நாளங்களின் சுவரிலும் உள்திசுவிலும் சிசிஎல்21 எப்போதும் இருக்கும். இன்னும் கிருமியைச் சந்திக்காத டி செல்கள் எல்லாம் சிசிஆர்7 அணிந்திருக்கும். ஆகவே இரத்தத்தில் சுற்றி வரும்போது முடிச்சுக்குள் இறங்கி, ஒரு நாள் அளவுக்குத் தேடிப் பார்த்துவிட்டு, எதுவும் கிடைக்கவில்லையென்றால் வெளியேறி, அடுத்த முடிச்சுக்குப் போகும்.

மறுபக்கம், தோலில் இருக்கும் டென்ட்ரிடிக் செல், கிருமியின் துண்டுகளை டி செல்லுக்குக் காட்டும் செல். சாதாரண நாட்களில் இது தோலிலேயே இருக்கிறது. கிருமியை விழுங்கியதும் இதன் மேற்பரப்பு மாறுகிறது: வீக்கமுள்ள இடத்தோடு கட்டிப்போட்டிருந்த ஏற்பிகள் குறைந்து, சிசிஆர்7 ஏறுகிறது. உடனே அதே சிசிஎல்21-இன் வழியைப் பிடித்து நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்து, கிருமியின் துண்டுகளைச் சுமந்துகொண்டு அதே முடிச்சுக்கு வந்து சேர்கிறது. ஒரே ஏற்பியை அணிந்ததால் இரண்டும் ஒரே அறைக்குள் வந்துவிட்டன. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, தடுப்பூசி போட்ட கையின் அக்குளில் சில நாள் வலிக்கிறதே, அந்த முடிச்சுக்குள் நடப்பது இதுதான். உள்ளே வந்தவை வெளியே போகாமல் தங்கி, பொருத்தமானவை பெருகுவதால் முடிச்சு வீங்குகிறது.

எதிரணுப்புரதங்களை (ஆன்டிபாடி) உருவாக்கும் பி செல்களுக்கு வேறு ஏற்பி, சிஎக்ஸ்சிஆர்5. அதை அணிந்தவை முடிச்சின் ஓரத்தில் இருக்கும் நுண்ணறைகளுக்குப் போகும். அங்கே சிஎக்ஸ்சிஎல்13 சுரக்கிறது. நல்ல எதிரணுப்புரதம் உருவாக டி செல்லின் உதவி பி செல்லுக்கு வேண்டும். ஆனால் டி செல்கள் ஓர் அறையிலும் பி செல்கள் இன்னோர் அறையிலும் இருக்கின்றனவே? தூண்டப்பட்ட டி செல்களில் ஒரு பகுதி சிசிஆர்7-ஐக் குறைத்துக்கொண்டு சிஎக்ஸ்சிஆர்5-ஐ அணிகிறது. தூண்டப்பட்ட பி செல் அதற்கு நேர்மாறாகச் சிசிஆர்7-ஐக் கூட்டிக்கொள்கிறது. இரண்டும் எல்லையில் வந்து சந்திக்கின்றன. முதல்முறை இதைப் படிப்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். யாரும் மேலிருந்து ஆணையிடவில்லை. ஏற்பிகள் ஏறுவதும் இறங்குவதும் மட்டுமே இந்தச் சந்திப்பை நடத்துகிறது.

1999-இல் சிசிஆர்7 இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். முடிச்சுகளின் உள்ளமைப்பே குலைந்துபோயிருந்தது. எதிர்ப்பு தாமதமாகவும் அரைகுறையாகவும் எழுந்தது. இன்னொன்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டில் ஆய்வாளர்கள் சல்லுஸ்தோவும் லான்சவெக்கியாவும் மனித நினைவு டி செல்களை, அதாவது முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் செல்களை, இரண்டாகப் பிரித்தார்கள்: சிசிஆர்7 வைத்திருப்பவை நிணநீர் முடிச்சுகளில் சுற்றும், அது இல்லாதவை திசுக்களில் காவல் இருக்கும். இன்றும் ஆய்வகங்களில் நினைவு செல்களைப் பிரிக்கும் அடையாளங்களில் இது ஒன்று.

உறுப்புக்கு உறுப்பு வேறு ஏற்பிகளும் உண்டு. சிறுகுடலுக்குப் போகும் டி செல்லில் சிசிஆர்9, தோலுக்குப் போவதில் சிசிஆர்4, சிசிஆர்10. எந்த செல் எந்த உறுப்புக்கு என்று எப்படித் தெரியும்? குடலைச் சேர்ந்த டென்ட்ரிடிக் செல்கள் நாம் உண்ணும் வைட்டமின் ஏ-யை ரெட்டினாயிக் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பட்ட டி செல் சிசிஆர்9-ஐ அணிந்துகொள்கிறது. தோலில் வெயில் பட்டு உருவாகும் வைட்டமின் டி-யின் செயல்வடிவம் சிசிஆர்10-ஐத் தூண்டுகிறது. அந்தந்த உறுப்பில் கிடைக்கும் பொருளே முகவரியாகிவிடுகிறது.

இப்போது சிஎக்ஸ்சிஆர்4. இது இல்லாத எலிகள் கருவிலோ பிறந்த உடனேயோ இறந்துவிடுகின்றன. இதயம், மூளை, இரத்த உற்பத்தி எல்லாமே பாதிக்கப்படுகின்றன. இதன் ஜோடியான சிஎக்ஸ்சிஎல்12 எலும்பு மஜ்ஜையில் நிரம்பியிருக்கிறது. மூலச்செல்களையும் வளரும் நியூட்ரோஃபில்களையும் மஜ்ஜையிலேயே பிடித்து வைத்திருப்பது இந்த ஜோடிதான். நியூட்ரோஃபில் முதிரும்போது சிஎக்ஸ்சிஆர்4 குறையும், பிடி தளரும், அணு இரத்தத்துக்கு வரும். வயதான நியூட்ரோஃபிலில் அது மீண்டும் ஏறும். அணு மஜ்ஜைக்குத் திரும்பி அங்கே முடிந்துபோகும்.

இந்தப் பிடி தளரவே இல்லையென்றால்? 1964-இல் அமெரிக்காவில் ஒரு சிறுமியைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். அவளுக்கு ஓயாத தொற்றுகள். இரத்தத்தில் நியூட்ரோஃபில் மிகக் குறைவு. உற்பத்தி இல்லை போலிருக்கிறது என்று மஜ்ஜையை எடுத்துப் பார்த்தால், அங்கே முதிர்ந்த நியூட்ரோஃபில்கள் நிரம்பி வழிகின்றன. உற்பத்தி நடக்கிறது, வெளியே வரமுடியவில்லை. பின்னாளில் விம் நோய்த்தொகுதி என்று பெயர் பெற்ற நோய் இது. மருக்கள், எதிரணுப்புரதக் குறைவு, அடிக்கடி தொற்று, மஜ்ஜையில் நியூட்ரோஃபில் தேக்கம் என்ற நான்கும் சேர்ந்து வரும். 2003-இல் காரணம் தெரிந்தது. சிஎக்ஸ்சிஆர்4 மரபணுவின் ஒரு பிரதியில் மாற்றம் ஏற்பட்டு, ஏற்பியின் வால்பகுதி துண்டாகிவிடுகிறது. சாதாரணமாக ஏற்பி ஒருமுறை செய்தி சொன்னதும் அந்த வால் வழியாக உள்ளே இழுக்கப்பட்டு ஓயும். வால் இல்லாத ஏற்பி ஓயாமல் செய்தி சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆக, ஏற்பி இல்லாமல் போவது மட்டும் நோயில்லை. அடங்காமல் வேலை செய்வதும் நோய்தான்.

அந்தச் சிறுமியின் கதை அங்கே முடியவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, தன் இரு மகள்களுக்கும் அதே நோய் இருந்ததால் அவர் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 58. ஆனால் முப்பதுகளின் இறுதியிலிருந்தே அவருக்கு நோய் இல்லை! ஆராய்ந்தபோது தெரிந்தது இது: அவருடைய மஜ்ஜையில் ஏதோ ஒரு மூலச்செல்லில் இரண்டாம் குரோமோசோம் உடைந்து சிதறித் தாறுமாறாக ஒட்டியிருக்கிறது. அந்தச் சிதைவில் 164 மரபணுக்கள் தொலைந்துவிட்டன, அவற்றில் ஒன்று அந்தக் கெட்டுப்போன சிஎக்ஸ்சிஆர்4 பிரதி. வழக்கமாகப் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு குரோமோசோம் விபத்து அவரைக் குணப்படுத்தியிருந்தது. அந்த ஒரே மூலச்செல்லின் வாரிசுகள் மஜ்ஜையில் மேலோங்கிவிட்டன. 2015-இல் 'செல்' (Cell) என்ற ஆய்விதழில் இது வெளிவந்தது. நோய் எதிர்ப்பியலில் நான் படித்தவற்றில் இதற்கு ஈடான நோயாளி வரலாறு மிகக் குறைவு.

இதே பிடியை வேண்டுமென்றே தளர்த்தும் மருந்து பிளெரிக்ஸாஃபோர். அது எச்.ஐ.வி. மருந்தாக வரவேண்டியது. சோதனையில் கலந்துகொண்ட நலமான தன்னார்வலர்களின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் திடீரென்று ஏறியதைக் கவனித்தார்கள். மூலச்செல்களும் சேர்ந்து வெளியே வந்திருந்தன. 2008-இல் மூலச்செல் மாற்றுச் சிகிச்சைக்காக அதை அமெரிக்கா அனுமதித்தது. மயலோமா, லிம்ஃபோமா என்ற இரத்தப் புற்றுநோய்கள் உள்ளவர்களின் சொந்த மூலச்செல்களை இரத்தத்துக்கு வரவழைத்துச் சேகரிக்க இன்றும் அது பயன்படுகிறது. 2024-இல் விம் நோயாளிகளுக்கென்றே, வாய்வழி உட்கொள்ளும் மாவோரிக்ஸாஃபோர் அனுமதி பெற்றது.

சரி, சிசிஆர்5-க்கு வருவோம். கேள்வியின் முள் இதில்தான் இருக்கிறது.

எச்.ஐ.வி. டி செல்லில் நுழைய அதன் மேற்பரப்பில் உள்ள சிடி4 என்ற புரதம் வேண்டும் என்பது 1984-இலேயே தெரியும். ஆனால் எலியின் செல்லில் மனித சிடி4-ஐ வைத்தாலும் வைரஸ் நுழையவில்லை. இன்னொன்று வேண்டும், அது எது என்று பத்தாண்டுக்கு மேல் தெரியாமல் இருந்தது. 1995 டிசம்பரில் அமெரிக்க ஆய்வாளர் கேலோவின் குழு, மூன்று கீமோகைன்கள் வைரஸைத் தடுக்கின்றன என்று காட்டியது. 1996 மே மாதம் இன்னோர் அமெரிக்க ஆய்வாளரான பெர்கரின் குழு, வைரஸ் நுழைய உதவுவது சிஎக்ஸ்சிஆர்4 என்று கண்டுபிடித்தது. அடுத்த மாதமே அடுத்தடுத்துப் பல குழுக்கள் சிசிஆர்5-ஐ அறிவித்தன. முதல் தொற்றில் பரவும் வைரஸ்கள் பெரும்பாலும் சிசிஆர்5 வழியாகவே நுழைகின்றன. அதே ஆண்டில், பலமுறை வைரஸுக்கு ஆளாகியும் தொற்றாத சிலரின் மரபணுவைப் பார்த்தபோது, சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் இல்லை. இரு பிரதியிலும் அப்படி இருந்தால் ஏற்பி செல்லின் மேற்பரப்புக்கே வருவதில்லை. இதற்கு டெல்டா 32 என்று பெயர். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இரு பிரதியும் இப்படி.

இந்தியாவில் இது மிக அரிது. 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்ததிலிருந்து இங்கு பரவியது பெரும்பாலும் சி என்ற துணைவகை. அதுவும் சிசிஆர்5-ஐத்தான் முதன்மையாகப் பயன்படுத்துகிறது. "சிலருக்கு இயற்கையாகவே எச்.ஐ.வி. வராதாமே" என்று கேள்விப்பட்டு நம் ஊரில் யாரும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பெர்லினில் திமோத்தி ரே பிரவுனுக்கு 2007-இல் இரத்தப் புற்றுநோய்க்காக மூலச்செல் மாற்று செய்தபோது, மருத்துவர் கெரோ ஹ்யூட்டர் இரு பிரதியிலும் டெல்டா 32 உள்ள கொடையாளரைத் தேடிப் பிடித்தார். பிரவுன் எச்.ஐ.வி. மருந்தை நிறுத்தினார், வைரஸ் திரும்பவில்லை. 2020-இல் அவர் இறந்தது புற்றுநோய் மீண்டதால்தான். ஆனால் எஸ்ஸன் நகரில் இதே சிகிச்சை பெற்ற இன்னொருவருக்கு வைரஸ் திரும்பிவிட்டது. அது சிஎக்ஸ்சிஆர்4 வழியாக நுழையத் தெரிந்த வைரஸ். 2007-இல் வந்த மராவிராக் என்ற எச்.ஐ.வி. மருந்துக்கும் இதே வரம்பு உண்டு. சிசிஆர்5-ஐ மட்டும் அடைக்கும் மருந்து அது. கொடுப்பதற்கு முன் வைரஸ் எந்த ஏற்பியைப் பயன்படுத்துகிறது என்று சோதிக்க வேண்டும்.

சரி, சிசிஆர்5 இல்லாதவர்கள் நன்றாக இருக்கிறார்களா? பெரும்பாலும் ஆம். வீக்கமுள்ள திசுவுக்கு டி செல்லைக் கூட்டிவரும் வேலையில் சிசிஆர்1, சிஎக்ஸ்சிஆர்3 போன்றவையும் பங்கெடுக்கின்றன. பாடப்புத்தக வரி இங்கே கிட்டத்தட்டப் பொருந்துகிறது. "கிட்டத்தட்ட" என்கிறேன், ஏனென்றால் அமெரிக்காவில் மேற்கு நைல் வைரஸ் பரவியபோது, நோய் வெளிப்பட்டவர்களிடையே இரு பிரதி டெல்டா 32 உள்ளவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தார்கள். 2006-இல் வந்த முடிவு அது. அந்த வைரஸ் மூளையைத் தாக்கும்போது, பாதுகாக்கும் செல்களை மூளைக்குள் கொண்டுபோக சிசிஆர்5 தேவைப்படுகிறது. அந்த வைரஸ் ஊருக்குள் வரும்வரை குறை வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். 2018-இல் சீனாவில் ஹே ஜியான்குய் கருவிலேயே இரட்டைக் குழந்தைகளின் சிசிஆர்5-ஐத் திருத்தியது இதனால்தான் எனக்கு மன்னிக்க முடியாத செயலாகப் படுகிறது. தந்தையின் எச்.ஐ.வி. குழந்தைக்கு வராமல் தடுக்க ஏற்கெனவே பாதுகாப்பான வழிகள் இருந்தன. எந்தத் தொற்றின்போது அந்த ஏற்பி தேவைப்படும் என்று அந்தக் குழந்தைகளின் சார்பில் யாராலும் சொல்ல முடியாது.

நம் பகுதிக்கு நேராகத் தொடர்புள்ள இன்னொரு ஏற்பி டஃபி. சிவப்பணுக்களின் மேல் இருக்கும் இரத்தவகைப் பொருளாகத்தான் முதலில் அறியப்பட்டது. 1976-இல் லூயிஸ் மில்லர் குழு, டஃபி இல்லாத ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு வைவாக்ஸ் என்ற ஒட்டுண்ணியால் வரும் மலேரியா வருவதில்லை என்று காட்டியது. அது ஒரு கீமோகைன் ஏற்பி என்று 1993-இல்தான் தெரிந்தது. இது வழக்கமான ஏற்பி இல்லை. கீமோகைனைப் பிடிக்கும், உள்ளே செய்தி அனுப்பாது. இரத்தத்தில் மிதக்கும் உபரிக் கீமோகைன்களை வாரி வைத்துக்கொள்வது சிவப்பணுவில் இதன் வேலை. வைவாக்ஸ் ஒட்டுண்ணி இதையே பிடித்து உள்ளே நுழைகிறது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பெரும்பாலானோருக்குச் சிவப்பணுவில் டஃபி கிடையாது. இந்தியர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. சென்னை உட்பட இங்கே வைவாக்ஸ் நெடுங்காலமாக இருந்துவருவதற்கு அது ஒரு காரணம். டஃபி இல்லாதவர்களின் இரத்தத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை இயல்பாகவே குறைவாக இருக்கும், அதனால் தொற்று கூடுவதில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து நோய் என்று நினைத்து மருந்தின் அளவைக் குறைப்பதும், சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் நடந்திருக்கிறது. செல்கள் எத்தனை என்று மட்டும் பார்த்து, எங்கே என்று பார்க்காததன் விளைவு.

புற்றுநோய் செல்களும் இந்த ஏற்பிகளைக் கடன் வாங்குகின்றன. மார்பகப் புற்றுநோய் செல்களில் சிஎக்ஸ்சிஆர்4, சிசிஆர்7 ஏறியிருப்பதை 2001-இல் ஒரு குழு காட்டியது. அந்தப் புற்று பரவும் இடங்களான நிணநீர் முடிச்சு, நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவை அந்த ஏற்பிகளின் கீமோகைன் நிறைந்த இடங்கள்தாம்.

கடைசியாக மருந்துகள். முடக்குவாதம், நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், குடலைத் தாக்கும் குரோன் நோய் என்று பலவற்றுக்கு ஓர் ஏற்பியை அடைத்துப் பார்த்த சோதனைகள் நிறையத் தோற்றன. குரோன் நோய்க்காக சிசிஆர்9-ஐ அடைத்த வெர்சிர்னான் மூன்றாம் கட்டம்வரை போய் நின்றுவிட்டது. இதை வைத்துத்தான் "ஒன்று போனால் இன்னொன்று" என்ற வாதம் வலுப்பெற்றது. என் கருத்து வேறு. தினசரிக் குடியிருப்பைக் கவனிக்கும் ஏற்பிகளான சிசிஆர்7, சிஎக்ஸ்சிஆர்4, சிஎக்ஸ்சிஆர்5 ஆகியவற்றுக்கு மாற்று இல்லை. வீக்கத்தின்போது கூட்டம் சேர்ப்பவற்றுக்கு மாற்று உண்டு. அதுவும் நோய்க்கு நோய், திசுவுக்குத் திசு மாறும். தோற்ற சோதனைகள் சிலவற்றில் ஏற்பிகள் நாள் முழுக்க முழுமையாக அடைபடவே இல்லை என்ற விமர்சனமும் நியாயமானது. பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தாலும் செல் நகர்ந்துவிடும். ஜெயித்த மருந்துகளைப் பாருங்கள். மராவிராக் வைரஸை நிறுத்துகிறது. பிளெரிக்ஸாஃபோர் மஜ்ஜையின் பிடியைத் தளர்த்துகிறது. ஜப்பானில் 2012-இல் வந்த மொகாமுலிசுமாப், சிசிஆர்4 உள்ள டி செல் புற்றைத் தேடிக் கொல்கிறது. மூன்றிலும் குறி ஒன்றே ஒன்று, அதற்கு மாற்று வழியும் அவ்வளவாக இல்லை.

வீக்கத்தை அடக்க வேண்டுமானால் வேறு உத்தி வேண்டும், அதை உண்ணிகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. நம் தெருநாய்களின் காதில் ஒட்டியிருக்கும் அதே பழுப்பு உண்ணி நாள்கணக்கில் இரத்தம் குடிக்கிறது, கடித்த இடத்தில் வெள்ளணுக்கள் திரண்டு அதை விரட்டுவதில்லை. 2007, 2008-இல் ஜெனீவாவில் ஒரு குழு அதன் உமிழ்நீரிலிருந்து எவாசின் என்ற புரதங்களைப் பிரித்தெடுத்தது. அவை ஏற்பியைத் தொடுவதே இல்லை, கீமோகைன்களையே பிடித்து மடக்குகின்றன. எவாசின் 3 நியூட்ரோஃபிலை அழைக்கும் சிஎக்ஸ்சிஎல்8-ஐப் பிடிக்கிறது. எவாசின் 1 சிசிஎல்3, சிசிஎல்4 போன்றவற்றை. எவாசின் 4 சிசிஎல்5, சிசிஎல்11 உட்பட ஒரு பெரிய கூட்டத்தையே. ஒரே கடியில் பல கீமோகைன்கள் ஒருசேர அடைபடுகின்றன. இந்தப் புரதங்களின் துண்டுகளை ஒட்டவைத்து, மனித வீக்க நோய்களுக்கு மருந்தாக்க முடியுமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.